போதும் ஏலம் போன வருஷம்

மழை பொய்த்து, கிணறுகளில் வாளி போய்த் தரையைத் தட்டிக்கொண்டிருந்த அந்த வருஷம்தான், எங்கள் சுகிர்தபுரத்து ஞானப்பூ தன்னுடைய போதும் என்கிற மனசைக் கழற்றி, மூடி போட்ட ஒரு தூக்குவாளியில் வைத்து, அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொண்டுவந்தாள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. எங்கள் ஊரில் இதற்கு ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. வாளியின் மேல் பேர் எழுதி ஒட்டவில்லையே, அப்புறம் வாளி மாறிப்போனால் என்னிடம் வந்து சண்டைக்கு நிற்பீர்கள் என்று, கோயிலைக் கூட்டிப் பெருக்கி மணியடிக்கிற கோயில் பிள்ளைதான் கொஞ்சம் சத்தம் போட்டார்.

அறுப்பின் பண்டிகை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒருதரம், அவரவர் வீட்டில் விளைந்ததில் முதலானதை, நல்லதை, ஆண்டவருக்கு நன்றியாகக் கோயிலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டி, சேவல், ஒன்றுமே இல்லாதவன் ஒரு கோழிமுட்டை. ஆராதனை முடிந்ததும் அத்தனையும் வேப்பமரத்தடியில் ஏலத்துக்கு வரும். ஒரு எலுமிச்சம்பழத்தை ஆட்டுக்குட்டி விலைக்கு எடுக்கிற ஆட்கள் எங்கள் ஆட்கள். நாங்கள் வாங்குவது பழத்தை அல்ல, அதன் மேலுள்ள ஆசீர்வாதத்தை என்று சொல்லிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கிற மச்சினன் பார்க்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். எது எப்படியானாலும் வெறுங்கையை வீசிக்கொண்டு போகக்கூடாது. போனவள் என்று ஒருத்திக்குப் பேர் விழுந்தால் அது அவள் பேத்தி கல்யாணம் வரைக்கும் கூட வரும்.

அந்த வருஷம் ஞானப்பூவிடம் கொண்டுபோக ஒன்றுமில்லை. வாசலில் நின்ற ஒற்றை முருங்கை ஆடிக் காற்றில் முறிந்து விழுந்தது, கோழிகள் சீக்கில் போயின, புருஷன் அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டான், ஒரே மகன் கிதியோன் நாக்பூரில் இட்லிக்கடை போட்டு, கல்யாணத்தையும் அங்கேயே முடித்துக்கொண்டு, ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்தே வெகுகாலம் ஆகிவிட்டது. இத்தனைக்கும் அவள் முகம் வாடி யாரும் பார்த்ததில்லை. கஞ்சி இருந்தால் கஞ்சி, இல்லையென்றால் தண்ணீர், அதுவும் போதும். புருஷனோடு சண்டை போட்ட பெண்களெல்லாம் அவள் வீட்டில் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்து, மனசு ஆறித் திரும்புவார்கள். போகும்போது ஒருத்தியும் ஒரு கிண்ணம் குழம்பு எடுத்துப் போனதில்லை. அவளுக்குத்தான் எதுவும் வேண்டாமே!

"ஞானப்பூக்கு இருக்க மனசு யாருக்கு வரும்" என்பது எங்கள் ஊர்ப்பேச்சு. பண்டிகைக்கு முந்தின நாள், வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, உலைமூடியைக்கூடத் தூக்கிப் பார்த்து, ஒன்றும் தேறாமல் நின்றபோது அவளுக்கு இந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. இருக்கிறதில் நல்லதைத்தானே கொடுக்கச் சொல்லியிருக்கு, நம்மிடம் இருக்கிற நல்லது இதுதானே என்று நினைத்தாள். கிழக்கே பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணி, விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து, பிரசவத்துக்கு மூச்சை இழுத்து விடுகிற மாதிரி இழுத்து விட்டு, மெதுவாக அதை உருவி எடுத்தாள். உரித்த தேங்காய் அளவு இருந்தது, இளஞ்சூடாகவும் இருந்தது. பால் வாங்குகிற தூக்குவாளியைக் கழுவித் துடைத்து, அதற்குள் வைத்து மூடினாள். காலையில் ஆராதனை முடிகிறவரைக்கும் அது மடியிலேயே இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததாலோ என்னவோ அவளுக்கு எதுவும் குறைந்த மாதிரித் தெரியவில்லை.

ஏலம் போட்டவர் உபதேசியார் ஆசீர். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம். ஐயர் வராத ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமும் உபதேசியார்தான், பண்டிகைக்கு ஏலமும் உபதேசியார்தான், பிரசங்கத்தில் தூங்கினவர்களெல்லாம் ஏலத்தில் கண் விழித்துக்கொள்வார்கள். அவர் வாளியைத் திறந்து எட்டிப் பார்த்தார், மூடினார், தொண்டையைச் செருமினார்.

"ஞானப்பூ அக்காளோட போதுங்கிற மனசு. முழுசு. சொந்த விளைச்சல், கலப்படம் இல்ல. யாரு ஆரம்பிக்கிய?"

கூட்டம் கொஞ்சம் யோசித்தது, என்ன விலையிலிருந்து கேட்பது என்று தெரியாமல்தான், வேறொன்றுமில்லை. ஒரு டீச்சரம்மா தன் மருமகளுக்காகக் கேட்டார். டீச்சரம்மாவின் மருமகள் உடனே எழுந்து தன் மாமியாருக்காகக் கேட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்னால், பின்னால் கிடந்த நாற்காலியிலிருந்து பாத்திரக்கடை துரைப்பழம் கையைத் தூக்கினார், தூக்கின கையை இறக்கவே இல்லை. ஏலம் எங்கே போய் நின்றது என்று சொல்ல மாட்டேன். கோயிலுக்குப் புது மணி வந்தது அந்தத் தொகையில்தான், அது போதும் உங்களுக்கு.

துரைப்பழம் அண்ணாச்சிக்கு ஊர் ஊராகக் கடைகள், ஊரில் அரண்மனை மாதிரி வீடு, எல்லாம் இருந்தும் தூக்கமில்லாத மனுஷன். எதிர்க்கடையில் ஒரு குடம் விற்றால் இவருக்கு இங்கே நெஞ்செரியும். சாப்பிட உட்கார்ந்தால் பரிமாறின இலையைப் பார்க்காமல் பாத்திரத்தில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று உபதேசியார் சொல்லி முடித்ததும், வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார், கதவைச் சாத்தினார், அதை எடுத்து விலாவில் வைத்து அழுத்தினார். அது பிடித்துக்கொண்டது. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் மறுநாள் கோயில் மணி அடித்துத்தான் எழுந்தார்.

ஞானப்பூ வெறுங்கையோடு வீடு திரும்பினாள். வழியில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அவளுக்கு ஒரு ஐஸ் வேண்டும் என்று இருந்தது. அடடா, இது என்ன புதுசா இருக்கே என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். ஒரு வீட்டு வாசலில் ஒரு பிள்ளை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியது, அதைப் பார்க்க முடியாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்தபோது உள்ளே ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். இத்தனை காலமாக அதே பாய், அதே தட்டுதான், அவள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் எல்லாம் ஒவ்வொன்றாக இருப்பது தெரிந்தது. அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, சத்தம் போட்டு, "எய்யா கிதியோனு" என்று அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்டுத் தெரு கூடிவிட்டது, ஏனென்றால் அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்து யாரும் கேட்டதில்லை. புருஷன் செத்த அன்றைக்குக்கூட அவள் "ஆண்டவர் கொடுத்தாரு, எடுத்தாரு" என்றுதான் இருந்தாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஊர் பழகிக்கொண்டதுதான். ஞானப்பூ வீடு வீடாகப் போய்க் கேட்க ஆரம்பித்தாள். கொஞ்சம் புளி, ஒரு துண்டு மீன், பழைய சேலை இருந்தா தாயேன், சும்மா கொஞ்ச நேரம் உட்காரட்டுமா. முதலில் எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஞானப்பூவுக்கே நாம் கொடுக்கிறோமே என்று. பிறகு அலுத்துப்போனது. "ஏளா, இவ முன்ன மாதிரி இல்லையே" என்று முகத்தைச் சுளித்தார்கள். மனசு ஆற வேண்டிய பெண்கள் போக இடமில்லாமல் அவரவர் புருஷனோடேயே சண்டையைத் தீர்த்துக்கொண்டார்கள். சபைக் கமிட்டி கூடி, இனிமேல் உடம்புக்குள்ளிருந்து எடுத்த பொருளைக் காணிக்கை வைப்பதானால் ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஏனென்றால் அதற்குள் ஒருவர் தன் முன்கோபத்தையும் இன்னொருத்தி தன் வாயையும் அடுத்த வருஷத்துக்கு எழுதிவைக்கச் சொல்லி வந்துவிட்டார்கள். "நல்லதக் கொடுக்கச் சொன்னா கழிச்சதக் கொண்டாரிய" என்று உபதேசியார் விரட்டிவிட்டார்.

ஒன்று மட்டும் எல்லோரும் கவனித்தோம். ஞானப்பூ முன்னெல்லாம், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சாட்சி சொல்லுகிற கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாள். என்ன சொல்ல, எல்லாம் இருக்குல்லா என்பாள். இப்போது யார் வீட்டிலாவது ஒரு மீன் துண்டு கிடைத்தால், அதை வாங்கின கையோடு அங்கேயே நின்று, கண்ணில் தண்ணி வர, "ஸ்தோத்திரம் அப்பா" என்பாள். ஒரு மீன் துண்டுக்கு இத்தனை நன்றியா என்று கொடுத்தவர்களுக்கே கூச்சமாக இருக்கும்.

அவளுடைய பெரிய ஏக்கம் மீன் அல்ல, மகன். கிதியோன் முன்னெல்லாம் மாதா மாதம் போன் பண்ணுகிறவன்தான். "எப்படிம்மா இருக்க, ஏதாவது வேணுமா, ஒருவாட்டி வந்துட்டுப் போகட்டுமா" என்று கேட்பான். அவளும் சந்தோஷமாகவே, "எனக்கு என்னப்பா குறை, நீ அங்க நல்லா இருந்தா போதும், சும்மா துட்டச் செலவழிச்சு வராத" என்பாள். அவள் மனசறிந்து பொய் சொன்னதில்லை, அவளுக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும்? வேண்டாத வீட்டுக்கு எத்தனை தடவை வரட்டுமா என்று கேட்பான் ஒரு பிள்ளை? வரட்டுமா என்பதை விட்டான், பிறகு வேணுமா என்பதையும் விட்டான், பிறகு போனும் பண்டிகைக்குப் பண்டிகை என்று ஆனது.

இப்போது அவளே போன் பண்ணினாள். "ஒருக்கா வந்துட்டுப் போறியாய்யா" என்றாள்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உன்னப் பாக்கணும் போல இருக்கு."

"பாப்போம்மா. கடையில ஆள் இல்ல" என்றான். அவன் குரலில் நம்பிக்கை இல்லை. அவள் விடவில்லை, மறுபடி மறுபடி கூப்பிட்டாள், கெஞ்சினாள், ஒருநாள் கோபத்தில் ஏசினாள். ஏசினதற்கு அப்புறம்தான் அவன், "சரிம்மா, டிக்கெட் போட்டுட்டேன், இந்தச் சனிக்கிழமை வாரேன்" என்றான்.

அன்றிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. கடன் வாங்கி இன்னொரு தட்டும் தலையணையும் வாங்கினாள்.

துரைப்பழம் அண்ணாச்சி கதை வேறு மாதிரிப் போனது. முதலில் ஊரே அவரைப் பார்த்துப் பூரித்தது. வீட்டு முன்னால் நாற்காலி போட்டு, சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார். எதிர்க்கடைக்காரனைப் பற்றிக் கேட்டால், "அவன் பிழைக்கட்டும்" என்பார். ஆனால் அவர் வீட்டில் வாடகைக்கு இருந்த குடும்பம் கூரை ஒழுகுது அண்ணாச்சி என்று வந்து நின்றபோதும், அதே சிரித்த முகத்தோடு, "அவனவனுக்கு உள்ளது அவனவனுக்கு, போதும்னு இருக்கப் பழகுங்க" என்றார். தர்மம் கேட்டு வந்தவனையும் அப்படியே அனுப்பினார். வெறும் வயிற்றைப் பார்த்துப் போதும் என்று சொல்ல, நிறைந்த வயிற்றுக்குத்தான் எவ்வளவு சுலபமாக வருகிறது! காணிக்கை போடுவதும் நின்றது, சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிப்பதும் நின்றது. யாரோ கொடுத்தது என்று தோன்றினால் அல்லவா நன்றி சொல்ல, அவருக்கு எல்லாம் இருக்கிறபடியே சரியாக இருந்தது. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் போன் பண்ணினால், "நல்லாருங்க" என்று வைத்துவிடுவார். மனைவி வயலட் பட்டுச்சேலை கட்டி நின்றாலும் சரி, காய்ச்சலில் கிடந்தாலும் சரி, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். கடைசியில் மருந்து மாத்திரையையும் தள்ளிவிட்டார். இருதய நோய்க்காரர் அவர், மாத்திரை இல்லாமல் முடியாது.

வயலட் சனிக்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம் ஞானப்பூ வீட்டுக்கு வந்தாள். அந்த வீட்டு நிலைப்படியை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை. கையில் புது எவர்சில்வர் தூக்குவாளி.

"எக்கா, இத நீங்க திருப்பி வாங்கிக்கிடணும்" என்றாள்.

ஞானப்பூவுக்கு வாளியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "ஏலம் போனது ஏலம் போனதுதான் தாயி. ஆண்டவருக்குன்னு வச்சத நான் எப்படித் தொடுவேன்?"

"அவரு சோறு வேண்டாங்காரு, மாத்திரை வேண்டாங்காரு. செத்துப்போவியன்னு சொன்னா, அதுவும் சரிதான், போதும்னு சிரிக்காரு. முந்தி ஏசுவாரு, தட்டத் தூக்கி எறிவாரு, அப்பல்லாம் எனக்கு ஒரு மனுஷன் இருந்தாரு எக்கா. இப்ப வீட்டுல நான் மட்டுந்தான் இருக்கேன்." வயலட்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இதத் தாங்கன்னு கேட்டேன். எடுத்துக்கோன்னு அவரே உருவிக் கொடுத்துட்டாரு, அது இல்லாட்டாலும் சரிதானாம். ஆனா வெளியில வச்சா நிக்க மாட்டேங்கு. வாளியில இருந்து மறுபடி மறுபடி அவருகிட்டயே ஓடுது. யாராவது வாங்கிக்கிட்டாத்தான் தங்கும்."

"நீயே வச்சுக்கிடலாம்லா?"

"எனக்கும் அப்படி ஆயிட்டா, அவரு செத்தா யாரு அழ?" என்றாள் வயலட்.

வாளி மூடி உள்ளிருந்து மெல்ல மெல்ல ஆடியது. ஞானப்பூ அதைப் பார்த்தாள், புதுத் தலையணையைப் பார்த்தாள். நாளைக்கு மகன் வருகிறான். இன்றைக்கு இதை வாங்கிக்கொண்டால் நாளைக்கு அவனைப் பார்த்து, உனக்கு ஏன்ப்பா சிரமம் என்று சொல்லிவிடுவாள், சொல்லியே தீருவாள், அவன் மறுபடி இந்த வாசலை மிதிக்க மாட்டான். "ஒரு ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதாம்மா? என் பையன் வந்துட்டுப் போயிரட்டும்" என்று கெஞ்சினாள்.

"காலையில இருந்து அவருக்கு மூச்சு வாங்குது எக்கா."

ஞானப்பூவுக்குக் கோபம் வந்தது. ஆண்டவர் மேல், வயலட் மேல், ஊர் மேல், அந்த வாளி மேல் கோபம் வந்தது. இத்தனை காலம் ஒன்றும் கேட்காதவள் ஒன்றே ஒன்று கேட்டாளே என்று வாய்விட்டுச் சொல்லி அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் இரு" என்றாள்.

மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மனப்பாட வசனம் படிக்கிற மாதிரி, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, தனக்குத்தானே சில வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். தப்பினால் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். வயலட்டுக்கு அது ஜெபம் மாதிரிக் கேட்டது. அப்புறம் ஞானப்பூ, "இந்த ஏக்கத்துக்காக ஸ்தோத்திரம், இந்த அழுகைக்காக ஸ்தோத்திரம்" என்று சொல்லி, வாளியைத் திறந்து, அதை எடுத்து விலாவில் வைத்துக்கொண்டாள். பழைய இடம், உடனே பொருந்திவிட்டது. "நல்லது, போயிட்டு வாம்மா" என்றாள் வயலட்டிடம், அமைதியாக.

வயலட் வீட்டுக்குள் நுழைந்தபோது, "எங்க போய்த் தொலைஞ்ச, ஒரு மனுஷன் இங்க கிடந்து சாகுதான், மாத்திரை எங்க?" என்று துரைப்பழம் கத்திக்கொண்டிருந்தார். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் மத்தியான பஸ்ஸில் கிதியோன் வந்து இறங்கினான். தலை நரைத்திருந்தது. தோளில் பை, கையில் ஆரஞ்சுப் பழம். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தோம். நேற்று மத்தியானமே வயலட் வந்து போனது ஊருக்குத் தெரியும், என்ன ஆகப்போகிறது என்பதும் தெரியும். அவன் வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே, திரும்பிப் போகத் தோதாக, நின்றான்.

"எப்படிம்மா இருக்க?" என்றான்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஞானப்பூ அவனைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பிள்ளை வந்திருக்கிறான், நல்லது. போனாலும் நல்லது. வெயிலும் நல்லதாகத்தான் இருந்தது. நேற்று ஒருத்தி வீட்டு மூலையில் இருந்து இவனுக்காக அழுதாள் என்பதும், அவள் பொய் சொல்லுகிறவள் அல்ல என்பதும் மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டாள், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள்.

"தனியா இருக்கேன்யா. நீ இல்லாம எனக்கு முடியல. ராத்திரியில உன் பேரச் சொல்லிக் கூப்பிடுதேன். இன்னைக்கே போயிராத, இரு."

கிதியோன் பையைக் கீழே போட்டான். ஆரஞ்சுகள் தெருவில் உருண்டன, ஒருத்தரும் பொறுக்கவில்லை. அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். ஞானப்பூ அவன் முதுகைத் தடவிக்கொண்டே, தனக்கும் அந்த அழுகை வருமா என்று காத்துக்கொண்டிருந்தாள்.